தனகோடி பெயரில் ஆறு மாதம்

தனகோடி அண்ணன் டாக்டர்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசுவார். "இல்ல." இருமல் இருக்கா? இல்ல. மூச்சு வாங்குதா? இல்ல. தலை சுத்துதா, கால் வீங்குதா, ராத்திரி தூக்கம் வருதா, எதற்கும் இல்லதான். தூக்கம் வருதா என்றால்கூடவா இல்லை என்பது என்று நான் ஒருமுறை கேட்டேன். "பழக்கத்துல வந்துடிச்சிடா" என்றார்.

இந்தப் பழக்கம் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. நெய்வேலி மைன்ஸில் வேலைக்கு வருகிற எவனுக்கும் முதல் வாரத்திலேயே யாராவது ஒரு சீனியர் இதைச் சொல்லிவிடுவார். மெடிக்கல் செக்கப்புக்குப் போனால் கேட்கிற எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லு, ஃபிட் என்று எழுதி வாங்கு, வெளியே வந்துகொண்டே இரு. ஆமாம் என்று சொன்னவன் கதி என்ன ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. யாரோ ஒருவனை லைட் டூட்டியில் போட்டார்களாம், யாரோ ஒருவனை வீட்டுக்கு அனுப்பினார்களாம். அந்த யாரோ ஒருவனை நான் இந்த இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் நாங்கள் எல்லோரும் இல்லை என்றுதான் சொன்னோம்.

அண்ணன் அதில் கெட்டிக்காரர். மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்னால் பிரஷர் மாத்திரை போட ஆரம்பிப்பார், ஃபிட் என்று வந்த அன்றே நிறுத்திவிடுவார். இப்படிப் பதினெட்டு வருஷம். ஐம்பத்தொரு வயதில் அவருடைய இரண்டு கிட்னியும் வேலைநிறுத்தம் செய்தபோது, இத்தனை வருஷம் பிரஷரைக் கவனிக்காததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அதற்கும் அவர், "அப்பிடிலாம் ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் பதில் சொன்னார்.

கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். மைன்ஸுக்கு நிலம் போனதில் குடும்பத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. தொண்ணூற்றாறில் சேர்ந்து, கரியைக் கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட்டுக்கு ஆபரேட்டர் ஆனார். குள்ளம், கறுப்பு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீசைக்கு மட்டும் டை. பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பேசிப் பேசித் தொண்டை பெரிதாகிவிட்டது; வீட்டில் உப்பு கேட்டால்கூடப் பிளாக் முழுக்கக் கேட்கும். குவார்ட்டர்ஸில் அவரும் காந்திமதி அண்ணியும் மட்டும்தான். அண்ணி காடாம்புலியூர். அவர் கத்துவதற்கெல்லாம் சேர்த்து அண்ணி மெதுவாகப் பேசுவார்.

நான் ஜெயப்பிரகாஷ். முத்தாண்டிக்குப்பம். 2012-இல் நான் இன்னும் காண்ட்ராக்டில்தான் இருந்தேன். பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரி மேலே போடுகிற வேலை. பெல்ட் திரும்புகிற இடத்தில் ஆபரேட்டருக்கு ஒரு கேபின் இருக்கும். இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அளவு. தூசு வராமல் இருக்க ஜன்னல் இடுக்கிலெல்லாம் டேப் ஒட்டி, கதவை இறுக்கிச் சாத்தி வைத்திருப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் அதற்குள் போய் உட்காருகிற வழக்கம் இல்லை. அண்ணன் என்னை உட்கார வைத்தார். "வெளியில குந்திக்கினு கரிய துன்னப் போறியா, உள்ள வாடா" என்பார். அண்ணி கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டில் பாதி எனக்கு. எட்டு மாதம் ஒரே ஷிப்டில், ஒரே கேபினில், மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அந்த எட்டு மாதத்தில் பாதிக்கு மேல் நான் இருமிக்கொண்டிருந்தேன். நெய்வேலியில் இருமினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தூசு என்று ஒரு பதில் எல்லோரிடமும் தயாராக இருக்கும். எனக்கு மாலையானால் காய்ச்சல் வந்தது, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அதற்கும் தூசு என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் கேபினில் இருமிவிட்டுத் துண்டை மடிக்கும்போது அண்ணன் பிடுங்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. என்னைத் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். டி.பி. என்று சொன்னார்கள்.

நான் அழுதேன். நோய்க்காக இல்லை. காண்ட்ராக்ட் ஆட்களைப் பெர்மனெண்ட் ஆக்குகிற லிஸ்டில் அடுத்த வருஷம் என் பெயர் வருகிற நேரம் அது. பெர்மனெண்ட் ஆவதற்கு முன்னால் மெடிக்கல் உண்டு. டி.பி. வந்தவன் என்று எங்காவது எழுத்தில் இருந்தால் அன்ஃபிட் என்று போட்டுவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எல்லோரும் சொன்னார்கள்.

"என் பேருல காட்டுடா" என்றார் அண்ணன். "நான் பெர்மனெண்ட்டு. என்னிய யாரு என்னா பண்ணப் போறாங்க?"

தன் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். ஜெராக்ஸில் போட்டோ கறுப்பாக அப்பிப்போய் எவன் முகத்துக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. எங்களை யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, ரொம்ப தூரத்தில் ஒரு அரசு சுகாதார நிலையத்தில் போய்ப் பதிந்தேன். பெயர் தனகோடி, தகப்பன் பெயர் அவர் தகப்பன் பெயர், முகவரி அவர் முகவரி. அப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாத மாத்திரையையும் ஒரே பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். என் பெட்டியில் தனகோடி என்று எழுதியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் போவேன், "தனகோடி" என்று கூப்பிடுவார்கள், எழுந்து போய் அவர்கள் கண் முன்னால் விழுங்குவேன். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும். வீட்டில் என் மனைவி சரிதா பார்த்துவிடக் கூடாதென்று வேலைக்கு வந்துதான் போவேன். உங்களோடு வீட்டிலோ, வேலையிலோ நெருங்கி இருப்பவர்கள் யார், அவர்களையும் சோதிக்க வேண்டும் என்று அங்கே இருந்த நர்ஸ் இரண்டு தடவை கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

ஆறு மாதத்தில் குணமானேன். அடுத்த வருஷம் மெடிக்கலில் பதினாறு தடவை இல்லை என்று சொல்லிப் பெர்மனெண்ட் ஆனேன். குவார்ட்டர்ஸ் வந்தது. அண்ணன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எப்போதாவது மாத்திரை சாப்பிட அண்ணி கெஞ்சும்போது மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "ஆறு மாசம் விடாம சாப்புட்ட ஒடம்பும்மா இது" என்பார். அண்ணிக்கு ஒன்றும் புரியாது. நான் சிரிப்பேன்.

இது பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை. இனிச் சொல்லப் போவது 2023-இல் நடந்தது.

அண்ணனுக்கு அப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. என் ஷிப்டை அதற்குத் தக்கபடி மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு நான்தான் வண்டியில் கூட்டிப் போவேன். இரண்டு வருஷத்தில் அவர் பாதியாகிப் போனார். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது. அண்ணி தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்றார். ரத்தம் பொருந்தியது. பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்பாடு ஆனது. உறுப்பு தானத்துக்கான கமிட்டி அனுமதியும் வந்தது. மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டிய பரிசோதனைகள் மட்டும்தான் பாக்கி.

அங்கே கிட்னி டாக்டர் சண்முகப்ரியா. சின்ன வயசு, அவசரமில்லாத பேச்சு. ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்.

"உங்களுக்கு எப்பவாவது டி.பி. வந்திருக்கா?"

"இல்ல."

"வீட்ல, வேலை செய்யற இடத்துல, கூடவே இருந்தவங்க யாருக்காவது?"

"இல்ல."

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரின் மேஜை மேல் பிளாஸ்டிக் கிட்னி ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கையை விட்டுவிட்டு, வலது முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டார்கள். சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு, தேய்க்கக் கூடாது, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். டி.பி. கிருமி உடம்புக்குள் இருந்தால் அந்த இடம் கெட்டியாகத் தடித்துக்கொள்ளும், ஸ்கேல் வைத்து அளப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் போனோம். தடிப்பே இல்லை. ஸ்கேலுக்கு வேலையே இல்லை.

"நான்தான் சொன்னன்ல" என்றார் அண்ணன். வாயும் இல்லை என்று சொல்லியாயிற்று, கையும் இல்லை என்று சொல்லிவிட்டது என்று அவருக்கு ஒரே பெருமை.

டாக்டர் சிரிக்கவில்லை. "கிட்னி கெட்டுப்போனவங்களுக்கு உடம்போட எதிர்ப்பு சக்தி சோர்ந்துபோயிருக்கும்ங்க. கிருமி உள்ள இருந்தாலும் தோல் காட்டிக் கொடுக்காது. அதனால இது இல்லன்னு சொல்றத நான் அப்படியே எடுத்துக்க மாட்டேன். ரத்தத்துல ஒரு டெஸ்ட் இருக்கு, அதையும் பார்த்துடலாம்" என்றார்.

ரத்தம் சென்னைக்குப் போனது. ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. பாசிட்டிவ்.

அண்ணி பயந்துபோனார். டாக்டர் அவரைத்தான் பார்த்து விளக்கினார். இது நோய் இல்லை. இருமல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம், இவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. என்றைக்கோ மூச்சில் உள்ளே போன கிருமி ஒரு மூலையில் தூங்குகிறது. நல்ல உடம்பாக இருந்தால் கடைசி வரைக்கும் தூங்கிக்கொண்டே இருந்துவிடலாம். ஆனால் மாற்றுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரை கொடுப்போம். அப்போது அது எழுந்துகொண்டால் ஆபத்து. அதனால் முதலில் வாரம் ஒருநாள் வீதம் பன்னிரண்டு வாரம் மாத்திரை, அது முடிந்து ஆபரேஷன்.

"பன்னண்டு வாரமா?" என்றார் அண்ணி. "அதுவரிக்கும் இவுரு தாங்குவாரா?"

"தாங்க வைப்போம்" என்றார் டாக்டர்.

அந்த மாத்திரையை அரசாங்கம்தான் தருகிறது. அதற்காக அண்ணன் பெயரைக் காசநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே பழைய பதிவேட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்திருக்கிறார்கள். அடுத்த தடவை நாங்கள் போனபோது டாக்டர் முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருந்தது.

"2012-ல ஆறு மாசம் டி.பி.க்கு மருந்து எடுத்திருக்கீங்க. பேர், அப்பா பேர், அட்ரஸ் எல்லாம் உங்களோடதுதான். முழு கோர்ஸ், குணம்னு போட்டிருக்கு. நான் ரெண்டு தடவ கேட்டேனே, ஏன் சொல்லல?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "மறந்துட்டன்."

அவர் ஒரு டாக்டரிடம் ஆமாம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் ரத்தம் பாசிட்டிவ் காட்டுவது அந்தப் பழைய நோயின் தடம்தான். முழு மருந்தும் சாப்பிட்டாயிற்று, எக்ஸ்ரேயும் சுத்தம், மறுபடி மாத்திரை தேவையில்லை. பன்னிரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். மூன்று வாரத்தில் ஒரு தேதி போட்டுக் கொடுத்தார்.

எவ்வளவு சுலபமாகப் போயிற்று பாருங்கள். நான் சாப்பிட்ட மாத்திரைக்கு அவர் குணமாகிவிட்டார். எட்டு மாதம் என் மூச்சைச் சுவாசித்த மனிதருக்கு ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லை. அது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் செத்தாலும் சொல்ல மாட்டார்.

அண்ணிக்குத் தேதி கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "டி.பி. வந்து ஆறு மாசம் மாத்திர சாப்புட்டுருக்க. பக்கத்துல படுத்துக்கினு இருந்த எனக்குத் தெரியாது" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி தனியாகப் போய் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். செய்யாத குற்றத்துக்கு அண்ணன் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பின் சீட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடலூரில் பஸ் மாறும்போது அவரைத் தனியாக இழுத்தேன்.

"அண்ணே, சொல்லிடலாம்ணே."

"என்னாத்த சொல்லுவ? பொய் பேருல மருந்து சாப்புட்டு, மெடிக்கல்ல மறைச்சி வேலைக்கி சேந்தன்னு சொல்லுவியா? எவனாவது ஒரு மொட்டக் கடுதாசி போட்டான்னா உன் வேலை காலி. ரெண்டு புள்ளிங்க படிச்சிக்கினு இருக்குதுங்க."

"டாக்டரு என்னா சொன்னாங்க? அது எழுந்துக்கினா..."

"தூங்குதுன்னுதானே சொன்னாங்க? தூங்கட்டும் வுடு. நீ போயி எழுப்பாத." அவருடைய மெதுவான குரலே பஸ் ஸ்டாண்டில் நான்கு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

நான் விட்டுவிட்டேன். இதை மறைத்து எழுதி என்ன பயன்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அவரே வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட நிம்மதி கொஞ்சம் அதிகமாக இருந்தது. ஒருநாள், இரண்டு நாள் என்று ஒன்பது நாள் ஓடியது. அந்த ஒன்பது நாளில் நான்கு தடவை அவரை டயாலிசிஸுக்கு வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். அவர் பழையபடி என் முதுகில் தட்டித் தட்டி, "மெதுவா போடா, கிட்னி வர்ற நேரத்துல காலு ஒடிஞ்சிடப் போவுது" என்று கிண்டல் செய்துகொண்டு வந்தார்.

எட்டாவது நாள் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ் அகிலாவிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். கிருமி தூங்குகிறது என்று தெரியாமல் ஒருவருக்குக் கிட்னி மாற்றிவிட்டால் என்ன ஆகும்? அவர் ட்யூபைச் சரிசெய்துகொண்டே சொன்னார். முன்பு வேறு ஊரில் வேலை பார்த்தபோது அப்படி ஒருவர் வந்தாராம். மாற்றி நான்கு மாதத்தில் காய்ச்சல். நெஞ்சில் இல்லை, வேறு எங்கோ பிடித்துக்கொண்டதால் என்ன காய்ச்சல் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

"கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஆள் போயிட்டாருங்க. புது கிட்னி மட்டும் கடைசி வரைக்கும் நல்லா வேலை செஞ்சுச்சு" என்றார்.

அன்று மாலை சரிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது வேலையைப் பற்றி இல்லை. "ரெண்டாயிரத்துப் பன்னண்டுலன்னா சின்னவ கைக்கொழந்த. அவள மடியில போட்டுக்கினு இருமிக்கினு இருந்தியா நீ?" என்றாள். "மொதல்ல போயி அந்த டாக்டரம்மா கிட்ட சொல்லிட்டு வா. நம்ம பஞ்சாயத்த அப்புறம் வச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் பாண்டிச்சேரி போனேன். டாக்டர் சண்முகப்ரியாவிடம் நின்றபடியே சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எத்தனை மாதம் ஒன்றாக இருந்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அறை எவ்வளவு பெரிது, ஜன்னல் திறந்திருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஜன்னலில் டேப் ஒட்டியிருந்தோம் என்றபோது மட்டும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அவருக்கு என்கிட்டேருந்துதான் வந்துச்சாம்மா?"

"யாராலயும் சொல்ல முடியாது. பஸ்ஸுல வந்திருக்கலாம், கல்யாண மண்டபத்துல வந்திருக்கலாம். ஆனா இப்ப எனக்குத் தெரிய வேண்டியது அது இல்ல. அவர் மருந்தே சாப்பிடல, அதுதான்." பிறகு, "உங்க மனைவி, குழந்தைங்க மூணு பேரையும் ஒருதரம் டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார்.

எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி, என் வேலை போய்விடுமா என்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

"நான் உங்க கம்பெனிக்கு லெட்டர் எழுதறவ இல்லீங்க. எங்க ரெக்கார்டைத் திருத்தறேன், அவ்வளவுதான். டி.பி. வந்து குணமானவங்க எல்லா இடத்துலயும் வேலை பார்க்கறாங்க. உங்களுக்கு யார் சொன்னது வேலை குடுக்க மாட்டாங்கன்னு?"

"எல்லாரும் சொன்னாங்கம்மா" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அது எவ்வளவு மட்டமான பதில் என்று தெரிந்தது.

ஆபரேஷன் தேதியை ரத்து செய்தார்கள். அண்ணனுக்கு நெஞ்சில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளையாக ஒன்றும் இல்லை, கிருமி தூங்குகிறதுதான். வியாழக்கிழமைதோறும் டயாலிசிஸ் முடிந்ததும் ஒரு கை மாத்திரை. அவரே தன் வாயால் விழுங்கினார்.

என்னோடு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். வண்டியில் ஏறுவார், இறங்குவார். ஒரே ஒரு தடவை, முதல் மாத்திரை போட்ட அன்று, வண்டியை விட்டு இறங்கும்போது சொன்னார். "உனுக்காக ஒரு ஆமாம் சொன்னன். அதையும் போயி அழிச்சிட்டு வந்துட்ட." அதோடு சரி. தேதி தள்ளிப்போனதில் நடுவில் ஒரு முறை நுரையீரலில் நீர் கோத்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண்ணாடிக்கு வெளியில் நான் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனாலும் பன்னிரண்டு வாரத்தில் ஒரு வியாழக்கிழமைகூடத் தவறவில்லை. அண்ணி தவற விடவில்லை.

அண்ணிக்கு உண்மையை டாக்டர்தான் சொன்னார். அதன் பிறகு அண்ணியும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து அண்ணனை அனுப்பிவிட்டு உள்ளே போய்விடுவார்.

புதிதாகப் போட்ட தேதிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், அண்ணி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மறுநாள் இரண்டு பேரும் பாண்டிச்சேரியில் போய் அட்மிட் ஆக வேண்டும். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"செடிக்குத் தண்ணி ஊத்து. மோட்டார் போட்டா மறக்காம நிறுத்து."

"சரிங்க அண்ணி." உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சரிதா காபி போட உள்ளே போனாள்.

"டாக்டரு கிட்ட போயி சொல்றதுக்கு முன்னால எத்தினி நாளு சும்மா இருந்த?" என்று கேட்டார். எப்போதும்போல மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒம்போது நாளு."

"ஒம்போது நாளு." அவர் தலையாட்டிக்கொண்டார். "நானும் ஒக்காந்து யோசன பண்ணிப் பாத்தன் தம்பி. நீ சொல்லாமலே இருந்துருந்தா என்னா ஆயிருக்கும்? என் கிட்னிய எடுத்து அவுருக்கு வச்சிருப்பாங்க. நாலஞ்சி மாசத்துல அவுரு காய்ச்சல்ல கெடந்து செத்துருப்பாரு. எதனாலன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சாவுக்கு வந்த சனம் என்னா பேசியிருக்கும்? காந்திமதி கிட்னிதான் சேரலன்னு பேசியிருக்கும். கல்யாணமாயி இருவது வருசமா புள்ள இல்லாததுக்கும் என் ஒடம்பத்தான் சொல்லிக்கினு இருக்காங்க. இதுக்கும் என் ஒடம்பத்தான் சொல்லியிருப்பாங்க. நானும் அதத்தான் நம்பியிருப்பன். என் கிட்னி கெட்டது, அதான் அவுரக் கொன்னுடிச்சின்னு சாவற வரிக்கும் நெனச்சிக்கினு இருந்துருப்பன்."

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீயும் அந்தச் சாவுக்கு வந்துருப்ப. அவுங்க அப்பிடிப் பேசும்போது நீ கேட்டுக்கினு சும்மா நின்னுருப்பியா?"

சரிதா காபியோடு வந்தாள். அண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நின்றிருக்க மாட்டேன் அண்ணி என்று பின்னாலேயே போய்ச் சொல்லலாமா என்று கேட் வரை போனேன். நின்றுதான் இருப்பேன் என்று தெரிந்ததால் திரும்பி வந்துவிட்டேன்.